மேலே வருவதற்கும் டிக்கெட் வேண்டும்!

நெல்லையிலிருந்து ரயிலில் சென்னை போகிறவர்களுக்கு எழும்பூர் ஸ்டேஷன் புதிதல்ல. அதே எழும்பூரில் தரைக்கு அடியில் இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி திறக்கப்பட்ட எழும்பூர் மெட்ரோ நிலையம்தான் அது. அடுத்த நிறுத்தமான சென்ட்ரல் மெட்ரோவும் அதே நாளில் திறக்கப்பட்டது. சென்னை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நம்மூர்க்காரர்களுக்கு இது ஒரே ஒரு ஸ்டாப். வெயில் இல்லை, டிராபிக் இல்லை. ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதும் இல்லை. ஆனாலும் பலர் கீழே இறங்கத் தயங்குகிறார்கள். "அங்க எல்லாம் மெஷினு, நமக்குத் தெரியாதுலா" என்பதுதான் காரணம்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ரயில் நிலையத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பாதாள மெட்ரோ நிலையத்தில் கம்ப்யூட்டர் தொடாத விஷயம் மிகக் குறைவு. ரயில் எவ்வளவு வேகத்தில் வர வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை சிக்னல் சிஸ்டம் கண்காணிக்கிறது. பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிச் சுவர் ஒன்று இருக்கும். ரயில் சரியான இடத்தில் வந்து நின்ற பிறகுதான் அந்தச் சுவரில் உள்ள கதவுகள் திறக்கும். யாரும் தண்டவாளத்தில் விழாமலிருக்கவும், உள்ளே இருக்கும் ஏசி குளிர்ச்சி சுரங்கத்துக்குள் வீணாகாமலிருக்கவும் இந்த ஏற்பாடு. சென்ட்ரலில் இரண்டு வழித்தடங்கள் சந்திப்பதால் பிளாட்பாரங்களே ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு அடுக்கில் உள்ளன. நம் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை அப்படியே பூமிக்குள் கவிழ்த்து வைத்தது போல என்று சொன்னால் நெல்லைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

இதெல்லாம் பயணிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நல்ல சாப்ட்வேர் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்க்கும். பயணி நேரடியாகக் கம்ப்யூட்டரோடு மோதும் இடம் ஒன்றுதான். அது டிக்கெட் கேட். நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

நீங்கள் ஈமெயில் பார்க்க லாக்-இன் செய்கிறீர்கள், முடித்ததும் லாக்-அவுட் செய்கிறீர்கள் அல்லவா? மெட்ரோ கேட்டும் அப்படித்தான். உள்ளே போகும்போது டிக்கெட்டைக் காட்டினால், எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்று பதிவாகும். வெளியே வரும்போது மறுபடியும் காட்ட வேண்டும். கொடுத்த காசுக்கு இந்தத் தூரம் சரிதானா என்று சிஸ்டம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். லாக்-அவுட் செய்ய மறந்தால் ஈமெயிலில் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே லாக்-அவுட் ஆகாமல் நீங்கள் தெருவுக்கே வர முடியாது.

வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறி டிக்கெட்டைத் தொலைத்துவிட்டால் என்ன நடக்கும்? கண்டக்டர் ஞாபகம் வைத்திருப்பார், அல்லது இரண்டு வார்த்தை திட்டுவார். மிஞ்சிப் போனால் இன்னொரு டிக்கெட் எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம். பூமிக்கு அடியில் இரண்டு மாடி ஆழத்தில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. மேலே போகும் ஒவ்வொரு பாதையும் அந்தக் கேட் வழியாகத்தான் போகிறது. ஆகவே வெளியே விடுவதற்கான சாவி எது என்பது இங்கே மிக முக்கியமான கேள்வி. அந்தச் சாவியை முழுக்க முழுக்க பயணியின் செல்போனுக்குள் கொண்டு போய் வைக்கும் போக்கு வளர்ந்து வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியபோது டோக்கன் கொடுத்தார்கள். கேரம் காய் போல வட்டமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை, உள்ளே சின்னச் சிப். நுழையும்போது கேட்டில் காட்ட வேண்டும், வெளியேறும்போது துளையில் போட்டுவிட வேண்டும். உண்டியலில் காசு போடத் தெரிந்த யாருக்கும் அது புரிந்தது. பாட்டிகள்கூட ஒரே தடவையில் கற்றுக்கொண்டார்கள். பிறகு டோக்கனின் இடத்தில் கியூஆர் கோடு அச்சிட்ட காகித டிக்கெட் வந்தது. மொபைல் ஆப் வந்தது. 2023 மே மாதம் வாட்ஸ்அப்பில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற ஆப் வெளியாகி, பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்க முடிந்தது.

கியூஆர் கோடு மோசமான தொழில்நுட்பம் என்று நான் சொல்லவில்லை. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய கோடு அது. மூன்று மூலைகளிலும் பெரிய சதுரங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று ஸ்கேனர் கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான். தகவலோடு கூடவே திருத்தத்துக்கான கூடுதல் புள்ளிகளும் உள்ளே இருப்பதால், கோடு கொஞ்சம் அழிந்திருந்தாலும் படித்துவிடும். மிக உயர்ந்த திருத்த அளவில் சுமார் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். ஒரே கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு பேர் போகலாமே என்று சில புத்திசாலிகள் நினைப்பதுண்டு. முதல் ஆள் நுழைந்ததும் அந்த டிக்கெட் 'பயன்படுத்தியாகிவிட்டது' என்று குறிக்கப்படும். இரண்டாவது ஆளுக்குக் கதவு திறக்காது.

கோடு கெட்டி. அதைச் சுமக்கும் செல்போன்தான் கெட்டியில்லை. இரவு முழுக்க ரயிலில் சார்ஜ் இல்லாமல் வந்த போன். வெளிச்சத்தைக் குறைத்து வைத்த ஸ்கிரீன். விரிசல் விட்ட கண்ணாடி. இதில் எதுவும் பயணியின் குற்றம் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து கண் சிகிச்சைக்காக வரும் ஒரு பெரியவர் என்று வைத்துக் கொள்வோம். மகன் ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். உள்ளே போகும்போது பேட்டரி 3 சதவீதம். வெளியே வரும்போது போன் அணைந்துவிட்டது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, பயணமும் முடிந்துவிட்டது. கையில் இருப்பது மட்டும் வெறும் கறுப்புக் கண்ணாடி. காகித டிக்கெட்டுக்குச் சார்ஜ் தேவையில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை எங்களைப் போல ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் ஏனோ அடிக்கடி மறந்துவிடுகிறோம். எங்கள் மேஜையில் எப்போதும் சார்ஜர் சொருகியே இருக்கிறது, அதனால்தானோ என்னவோ.

காகிதம் இன்னும் கிடைக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். பிரச்சினை விலையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 22 முதல் மெட்ரோ கட்டணம் குறைக்கப்பட்டது. அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது, நல்ல விஷயம். கூடவே கார்டிலும் செல்போன் கியூஆரிலும் பயணம் செய்பவர்களுக்கு மட்டும் 20 சதவீதத் தள்ளுபடி என்று வைத்தார்கள். கவுண்டரில் ரொக்கம் கொடுத்துக் காகிதம் வாங்கினால் முழுக் கட்டணம். தினமும் ஆபீஸ் போகிற ஐ.டி. ஊழியருக்கு 50 ரூபாய் பயணம் 40 ரூபாய்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவருக்கு அதே பயணம் 50 ரூபாய். இரண்டு பேரில் தள்ளுபடி யாருக்குத் தேவை?

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரொக்கத்தை எண்ண ஆள் வேண்டும், சில்லறை வேண்டும், கவுண்டரில் கூட்டம் சேரும். செல்போனில் டிக்கெட் எடுப்பவர் இந்தச் செலவையெல்லாம் மிச்சப்படுத்துகிறார், அதில் ஒரு பங்கை அவருக்கே திருப்பித் தருகிறோம் என்பார்கள். நியாயமான வாதம்தான். ஒரு தனியார் கடையாக இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் பொதுப் பணத்தில் தோண்டிய சுரங்கம் இது. முதல் கட்டமாகத் திட்டமிட்ட 45 கி.மீ. பாதையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 24 கி.மீ., தரைக்கு அடியில் போகிறது. அதற்கான வரியை ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் மட்டும் கட்டவில்லை.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லும்போது சுலோச்சன முதலியார் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பாலம் இல்லாத காலத்தில் ஆற்றைக் கடக்கப் படகைத்தான் நம்ப வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த முதலியார், பாலத்துக்கான செலவைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். 1843-இல் திறந்த அந்தப் பாலத்தில் இன்றும் போய் வருகிறோம். யாரிடம் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. மெட்ரோவை இலவசமாக ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கையில் போன் இருக்கிறதா என்று பார்த்து விலை சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

கேட்டையும் கார்டையும் வைத்துக்கொண்டு நமக்கு முன்பே அவதிப்பட்டவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அந்த நாட்டின் முதல் மெட்ரோ 1968 பிப்ரவரியில் ராட்டர்டாம் நகரில் ஓடியது. ஊர் நடுவில் 'பியர்ஸ்' என்று ஒரு பாதாள நிலையம், அதாவது பங்குச் சந்தை நிலையம். இரண்டு வழித்தடங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடம், நம் சென்ட்ரல் மெட்ரோ போல. அங்கே மண் அவ்வளவு ஈரம். நகரத்துக்குள்ளேயே பள்ளம் வெட்டித் தண்ணீரை நிரப்பி, முன்கூட்டியே செய்த கான்கிரீட் சுரங்கத் துண்டுகளைப் படகு போல மிதக்கவிட்டுக் கொண்டு வந்து மூழ்கடித்து இணைத்தார்கள்.

அந்த நாட்டில் 'ஓ.வி. சிப்கார்ட்' என்ற ஒரே கார்டை எல்லாப் பொதுப் போக்குவரத்துக்கும் கொண்டு வந்தார்கள். 2005-இல் ராட்டர்டாம் பகுதியில்தான் தொடங்கியது. 2009 ஜனவரி முதல் ராட்டர்டாம் மெட்ரோவில் பழைய காகித டிக்கெட் செல்லாது என்று ஆக்கினார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பெரிய குண்டு வெடித்திருந்தது. அந்தக் கார்டில் இருந்தது 'மைஃபேர் கிளாசிக்' என்ற சிப். அதன் ரகசியப் பூட்டைத் திறந்துவிட முடியும் என்று 2008-இல் நைமேகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். சிப் தயாரித்த என்.எக்ஸ்.பி. நிறுவனம் ஆய்வுக் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் தடை விதிக்க மறுத்துவிட்டது. கட்டுரை வெளியானது.

இதில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சிப்பின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை நிறுவனம் ரகசியமாகவே வைத்திருந்தது. ரகசியமாக இருப்பதால் பத்திரம் என்று நம்பினார்கள். உங்கள் வீட்டுச் சாவியைத் தொட்டிச் செடிக்கு அடியில் வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நினைப்பது மாதிரி. நல்ல பூட்டு என்றால் அதன் அமைப்பு ஊருக்கே தெரிந்திருந்தாலும் சாவி இல்லாமல் திறக்கக் கூடாது. ஆய்வாளர்களைத் தடுப்பதை விடச் சிப்பை மாற்றுவதுதான் வழி என்று பிறகு புரிந்தது, புதிய கார்டுகளில் வேறு சிப் வந்தது. வெளியேறும்போது கார்டைக் காட்ட மறந்தால் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் 4 யூரோ கூடுதலாகப் பிடித்தம் ஆகும் என்ற விதியும் அங்கே இருந்தது. 2023 முதல் நாடு முழுவதும் சாதாரண வங்கிக் கார்டையே கேட்டில் காட்டிப் போகலாம் என்று மாற்றிவிட்டார்கள். தனியாக ஒரு ஆப்பும் வேண்டாம், தனிக் கார்டும் வேண்டாம்.

நம்மிடமும் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் சரியாகச் சொல்ல ஆள் இல்லை. என்.சி.எம்.சி. எனப்படும் தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச் மாதம் அறிமுகமானது. சென்னையில் அது 'சிங்காரச் சென்னை' அட்டை என்ற பெயரில் 2023 ஏப்ரலில் வந்தது. 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் அதைப் பயன்படுத்த முடிகிறது. மெட்ரோவின் பழைய பயண அட்டைகளுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் ரீசார்ஜ் நிறுத்தப்பட்டுவிட்டதால், உங்கள் வீட்டில் பழைய கார்டு கிடந்தால் அதில் மேற்கொண்டு பணம் ஏற்ற முடியாது.

புதிய அட்டையின் சிறப்பு என்னவென்றால், பணம் அட்டையில் உள்ள சிப்பிலேயே இருக்கும். கேட்டில் காட்டும்போது வங்கிக் கம்ப்யூட்டரோடு பேசிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் இல்லாத பாதாளத்திலும் வேலை நடக்கும். பின் நம்பர் கிடையாது, ஓ.டி.பி. கிடையாது. பேட்டரியும் கிடையாது. கேட்டில் இருக்கும் ரீடரின் காந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. 20 சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

இரண்டு விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதை. ஆன்லைனில் ரீசார்ஜ் செய்தால் பணம் முதலில் கணக்கில்தான் ஏறும், சிப்பில் ஏறாது. கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்த பாட்டு பென்டிரைவில் தானாகப் போய் உட்காராது அல்லவா? அதுபோல அட்டையை ஒரு முறை அதற்கான மெஷினில் காட்டி இருப்பைப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் "பணம் போட்டேன், கேட் திறக்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. அடுத்தது, பின் நம்பர் இல்லாததால் அட்டை தொலைந்தால் சிப்பில் இருந்த பணம் கண்டெடுத்தவருக்குத்தான். ரொக்கம் தொலைந்த மாதிரிதான் கணக்கு. ஆயிரக்கணக்கில் ஏற்றி வைக்க வேண்டாம்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர் இதற்காக ஒரு அட்டை வாங்கிப் பராமரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆகவேதான் காகித டிக்கெட்டுக்கும் அதே விலை வேண்டும் என்கிறேன். கேட் அருகே பயணிகள் உதவிக்காக ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. எத்தனை ஆப் வந்தாலும் அதில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்சாரம் போனால், தீ விபத்து என்றால், இத்தகைய கேட்டுகள் பூட்டிக்கொள்ளாமல் திறந்துவிடும்படி அமைப்பதுதான் நடைமுறை. உயிர் பெரிது, டிக்கெட் சிறிது என்று வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு மின்சாரம் போவதை யோசித்தவர்கள், பயணியின் போனில் மின்சாரம் போவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். போன் நம்பரைச் சொன்னால் எடுத்த டிக்கெட்டைத் தேடிப் பார்த்து வெளியே விடுவது ஒரு ப்ரோகிராமருக்குப் பெரிய வேலை அல்ல.

நெல்லைக்கு மெட்ரோ வருமா என்று கேட்காதீர்கள். கோவை, மதுரை திட்டங்களையே 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் மக்கள் தொகை என்ற அளவுகோலைக் காட்டினார்கள். நம் ஊர் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆகவே நமக்கு மெட்ரோ என்றால் சென்னையில் பார்ப்பதுதான். அங்கே இரண்டாம் கட்டமாக 118.9 கி.மீ. நீளத்துக்கு, டிரைவர் இல்லாத ரயில்களோடு, வேலை நடந்து வருகிறது. பாதாள நிலையங்களும் கேட்டுகளும் இன்னும் பெருகப் போகின்றன. டிக்கெட் விதிகளை இப்போதே சரி செய்வது சுலபம்.

அதுவரை, ஊரிலிருந்து அப்பா அம்மாவைச் சென்னைக்கு அனுப்புகிறவர்கள் இப்படிச் செய்யலாம். ஆப் மூலம் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் போனின் அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள், யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப் டிக்கெட்டுக்கான நம்பரை நண்பர்கள் அனுப்பும் பார்வேர்டிலிருந்து எடுக்காமல், மெட்ரோவின் சொந்த அறிவிப்பிலிருந்து எடுங்கள். டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று போனைக் கேட்கும் அறிமுகமில்லாதவரிடம் போனைக் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். போனில் சார்ஜ் சந்தேகமாக இருந்தால் தள்ளுபடியை மறந்துவிட்டுக் கவுண்டரில் காகிதம் வாங்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் கசக்காமல், உள்ளே போன பிறகும் தூக்கிப் போடாமல், சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். இறங்கும் ஸ்டேஷனில் மறுபடி கேட்பார்கள்.